கட்டைவிரல் இல்லாத படம்

"அத்தை, அந்த ஆளு சொன்னதுல எங்கயோ இடிக்குது."

"இடிக்கறது உங்க தண்ணி பாட்டில் மாப்ள. ஆபீசுலேர்ந்து இங்க வரைக்கும் என் விலாவுலதான் இடிச்சுட்டு வந்துச்சு. மொதல்ல வண்டிய நிறுத்துங்க."

மாப்பிள்ளை ஸ்கூட்டரை ஸ்டாண்டு போட்டு நிறுத்தினான். தோள்பையில் தலைகீழாகத் தொங்கிய பாட்டிலை நிமிர்த்தி எடுத்தவன், அடிப்பக்கத்து ஓட்டையில் கட்டைவிரலை வைத்து அழுத்திக்கொண்டான். புது பாட்டில் கேட்டால், "வேலைக்குப் போங்க, டஜன் கணக்குல வாங்கித் தரேன்" என்பாள் அவன் மனைவி. அவளுடைய அம்மா இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய் கிளெய்ம்களை மோப்பம் பிடித்தே காலம் தள்ளியவர். ஓய்வு பெற்றதும் சும்மா இருக்க முடியாமல் துப்பறியும் ஏஜென்சி ஆரம்பித்தார். சும்மா இருந்த மருமகனை மகளே கொண்டுவந்து அங்கே தள்ளிவிட்டாள். உலகத்திலேயே மாமியாரிடம் கைகட்டிச் சம்பளம் வாங்கும் ஒரே உதவியாளன் தான்தான் என்பது மாப்பிள்ளையின் நம்பிக்கை.

இடித்த விஷயம் இதுதான். காலையில் ஆபீசுக்கு ஒரு வாடிக்கையாளர் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, கத்தி மாதிரி மடிப்பு. பேச்சும் அப்படித்தான், ஒரு இடத்திலும் கசங்கவில்லை. பார்த்த மாத்திரத்தில் மாப்பிள்ளை அவருக்கு 'இஸ்திரி' என்று பெயர் வைத்துவிட்டான். தங்கச்சி கோபித்துக்கொண்டு வீட்டை விட்டுப் போய் வருஷம் ஒன்றாகிறதாம். அம்மா படுத்த படுக்கையாம். மகளைப் பார்க்காமல் கண்ணை மூடமாட்டேன் என்கிறாளாம்.

"சதா ஊர் சுத்துவா மேடம். கேமராவ மாட்டிக்கிட்டுக் கிளம்பினா எப்ப வருவான்னு யாருக்கும் தெரியாது," என்று சொல்லி ஒரு கவரை நீட்டினார். உள்ளே கொஞ்சம் படங்கள். "எல்லாம் அவ எடுத்ததுதான். இத மட்டும் பாருங்க."

அது அவருடைய படம். ஒரு சுவர் ஓரமாகச் சிரித்துக்கொண்டு நின்றார். படத்தின் மேல் மூலையிலிருந்து வெள்ளையாக ஒரு கீற்று குறுக்கே இறங்கியிருந்தது.

"பழைய ஃபிலிம் கேமரா. எப்பவாவது இப்படிக் கீத்து விழும். நேத்து பேப்பர்ல உங்க ஊர்க் கண்காட்சிப் படம் ஒண்ணு போட்டிருந்தான். அதே மூலை, அதே கீத்து. அவ இந்த ஊர்லதான் இருக்கா."

"தங்கச்சி போட்டோ ஒண்ணு குடுங்களேன்," என்றார் அத்தை.

"கிடையாது மேடம். அவ எப்பவும் கேமராவுக்குப் பின்னாடியே நிக்கற ஆளு."

"நீங்களே நேர்ல போய்க் கேக்கலாமே?"

"என்னப் பாத்தா ஓடிடுவா. அவ இருக்கற இடத்தை மட்டும் நீங்க கண்டுபிடிச்சுச் சொல்லுங்க. அவகிட்ட பேச வேண்டாம். மத்தத நான் பாத்துக்கறேன்."

அந்தக் கடைசி வார்த்தைதான் மாப்பிள்ளைக்குத் தொண்டையில் மாட்டிய மீன்முள்ளாக உறுத்திக்கொண்டே இருந்தது. அண்ணன்காரன் தங்கச்சியை 'நான் பாத்துக்கறேன்' என்று சொல்வதில் தப்பில்லைதான். ஆனால் சொன்ன விதம் சரியில்லை.

கண்காட்சி நடக்கும் கூடம் ஒரு காலத்தில் ஐஸ் பேக்டரியாக இருந்தது. சுவர்கள் தடிமனாக, உள்ளே சில்லென்று இருந்தது. அக்கம்பக்கத்து ஜனங்கள் எடுத்த படங்களுக்கு என்றே நடத்தும் இடம். லாரி டிரைவர் ஒருவர் தன் லாரியை எல்லாக் கோணத்திலிருந்தும் எடுத்து, பெண் பார்க்க வந்தவர்களிடம் காட்டுவது போல வரிசையாக மாட்டியிருந்தார். பல் டாக்டர் ஒருவர் மேகங்களை எடுத்திருந்தார். அத்தனை மேகமும் கடைவாய்ப் பல் போலவே இருந்தது.

"திறப்பு விழா சாயங்காலம்தான். இப்ப யாருக்கும் அனுமதி இல்ல," என்றபடி கண்ணாடி போட்ட ஒரு பெண்மணி குறுக்கே வந்தார். பள்ளிக்கூடத்தில் டிராயிங் டீச்சராக இருந்தவர். கூடத்தை நடத்துபவரும் அவர்தான். வாசலில் தாமதமாக வந்த பையனைப் பார்க்கும் பார்வையை இன்னும் மறக்கவில்லை.

"கூட்டத்துல நின்னு பாக்க முடியாதும்மா, எனக்கு முழங்கால் வலி. அதான் முன்னாடியே வந்தேன்," என்றார் அத்தை. ஏணி போட்டு மொட்டைமாடி ஏறி அடுத்த வீட்டை வேவு பார்க்கிற முழங்கால் அது.

டீச்சர் அரை மனதாக வழிவிட்டார்.

உள்ளே ஏணி மேல் ஒரு பெண் நின்று படம் மாட்டிக்கொண்டிருந்தாள். ஒட்ட வெட்டிய முடி. தொளதொளவென்று ஒரு மேலங்கி. சுவர் தேய்த்த தூசிக்காக மூக்கையும் வாயையும் மூடி முகக்கவசம். கையில் கொத்தனார் வைத்திருக்கும் ரசமட்டம். அவள் இவர்களைத் திரும்பிப் பார்த்தாள். அப்புறம் திரும்பவும் படத்தைச் சரிசெய்ய ஆரம்பித்தாள்.

நடுச்சுவரில் இருந்தது அவர்கள் தேடி வந்த படம். பெரியது. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கும் சலவைக்கூடம் ஒன்றில், மலை மலையாகக் குவிந்த வெள்ளை விரிப்புகளுக்கு முன்னால், தொப்பியும் முகக்கவசமும் போட்ட பெண்கள் வரிசையாக நின்றார்கள். கண்கள் மட்டும்தான் தெரிந்தன. ஆனால் அத்தனை பேரும் சிரிக்கிறார்கள் என்பது அந்தக் கண்களிலேயே தெரிந்தது. மேல் மூலையிலிருந்து வெள்ளைக் கீற்று.

கீழே ஒட்டியிருந்த அட்டையில் 'நாங்கள்' என்ற தலைப்பு மட்டும் இருந்தது. எடுத்தவர் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'சலவைக்கூடப் பெண்கள்' என்று போட்டிருந்தது.

"இத எடுத்தது யாரும்மா?" என்றார் அத்தை.

"எல்லாரும்," என்றார் டீச்சர்.

"பட்டன அமுக்கினது?"

"அத நாங்க கேக்கறதில்ல."

"எல்லாரும் படத்துக்குள்ள நிக்கறாங்க, எல்லாரும்தான் எடுத்தாங்கன்னா, கேமராவ என்ன பேயா புடிச்சிட்டு இருந்துச்சு?" என்றான் மாப்பிள்ளை.

டீச்சர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "நீங்க யாரு?"

"இவங்க மருமகன்."

"பாவம்," என்றார் டீச்சர். யாரைச் சொன்னார் என்று மாப்பிள்ளைக்குப் புரியவில்லை.

அவன் அத்தையின் காதோரம் குனிந்தான். "இந்தம்மா எதையோ மறைக்கறாங்க. அந்த ஏணிப் பொண்ணப் பாருங்க, நாம வந்ததுலேர்ந்து அதே படத்தத்தான் நேராக்குது. அது கோணவே இல்ல. கேமராவத் திருடி வெச்சிருக்காங்களோ என்னவோ. அந்தத் தங்கச்சிய என்ன பண்ணாங்களோ?"

"சத்தம் போடாதீங்க மாப்ள."

"நான் எங்க போட்டேன்? என் மனசாட்சிதான் கத்துது." அவன் பாட்டிலைப் பக்கத்து மேஜையில் வைத்துவிட்டு, கீற்றைக் கிட்டத்தில் பார்க்கப் போனான்.

"ஐயோ! என் அழைப்பிதழ்!" என்று டீச்சர் அலறினார். மேஜையில் குளம் கட்டியிருந்தது. மாப்பிள்ளை பாய்ந்து பாட்டிலைத் தூக்கி ஓட்டையை விரலால் அடைத்தான். ஒழுகல் நின்றது.

"மன்னிச்சுக்குங்க மேடம். புடிச்சிருந்தா ஒழுகாது. கீழ வெச்சாத்தான் இந்த வம்பு."

டீச்சர் துணி தேடி ஓடினார். அத்தை ஓடவில்லை. அவர் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றார். பொய் கிளெய்ம் ஒன்று கண்ணில் பட்டால் வரும் பார்வை அது. பைக்குள் கைவிட்டு இஸ்திரி கொடுத்த கவரை எடுத்து, மேஜையில் ஈரம் படாத பக்கமாகப் படங்களைப் பரப்பினார்.

"மாப்ள, இதுல எத்தனை படத்துல கீத்து இருக்கு?"

"ஒண்ணே ஒண்ணுல. அவரு நிக்கறாரே, அதுல."

"மத்ததுல ஏன் இல்ல?"

"எப்பவாவதுதான் விழும்னாரே."

"எப்பவாவதுன்னா எப்ப? உங்க பாட்டில் எப்பவாவதா ஒழுகுது?"

மாப்பிள்ளை கட்டைவிரலைப் பார்த்தான். படத்தைப் பார்த்தான். மறுபடி விரலைப் பார்த்தான்.

"கேமராவோட பின்மூடியில எங்கயோ ஒரு விரிசல்," என்றார் அத்தை தணிந்த குரலில். "அவளுக்கு அது தெரியும். கையில புடிக்கும்போது விரலால மூடிக்குவா. பழக்கமே அதான். படம் சுத்தமா வரும். கேமராவ எங்கயாவது வெச்சுட்டு, டைமர் போட்டுட்டு, இவளும் ஓடிப்போய் நிக்கும்போது மட்டும் மூடறதுக்கு விரல் இல்ல. வெளிச்சம் உள்ள பூந்துடும்."

"அப்ப கீத்து விழுந்த படத்துல எல்லாம்…"

"அவ இருக்கா மாப்ள. கேமராவுக்குப் பின்னாடி இல்ல. படத்துக்குள்ள."

மாப்பிள்ளை இஸ்திரியின் படத்தைக் கையில் எடுத்தான். காலையில் இதைப் பார்த்து 'ஒரு கை எங்கய்யா போச்சு' என்று மனதுக்குள் கிண்டல் பண்ணியிருந்தான். இப்போது சிரிப்பு வரவில்லை. அவருடைய இடது கை பக்கவாட்டில் நீண்டு படத்தின் ஓரத்தோடு முடிந்துபோயிருந்தது. யாரையோ அணைத்துப் பிடித்திருக்கும் கை. மற்ற மூன்று ஓரங்களும் நேர்க்கோடு. அந்த ஓரம் மட்டும் லேசாக நெளிந்திருந்தது. கத்தரிக்கோல் போன வழி.

"வெட்டியிருக்கான்!" என்றான். "காணாமப்போன தங்கச்சிய தேடச் சொல்லிட்டு, தங்கச்சி மூஞ்சிய வெட்டி எடுத்துட்டுக் குடுத்திருக்கான். எந்த அண்ணனாவது இப்படிப் பண்ணுவானா?"

"அண்ணனா இருந்தா பண்ண மாட்டான். ஜோடியாப் பாத்தா யாருக்கும் உறவு தெரிஞ்சுடும்னு பயந்திருக்கான்." அத்தை மற்றப் படங்களைத் தள்ளினார். "சதா ஊர் சுத்துவான்னானே, இதையெல்லாம் பாருங்க."

தெரு. மழையில் தெரு. வெயிலில் தெரு. குடை பிடித்துப் போகும் யாரோ. சைக்கிளில் போகும் யாரோ. எல்லாமே மேலிருந்து பார்த்த தெருக்கள். ஒவ்வொன்றிலும் கீழ் ஓரத்தில் ஒரே துருக்கறை, ஒரே ஜன்னல் விளிம்பு. ஊர் சுற்றியவள் எடுத்த படங்கள் அத்தனையும் ஒரே ஜன்னலிலிருந்து எடுத்தவை. கடைசிப் படத்தில் ஜன்னல் கண்ணாடி பாதி சாத்தியிருந்தது. அறை மங்கலாக அதில் பிரதிபலித்தது. சுவரில் ஒரு கொக்கி, கொக்கியில் ஒரு ஹேங்கர், ஹேங்கரில் ஒரு நைட்டி, அதற்கு மேலேயே மடிப்புக் கலையாத ஒரு வெள்ளைச் சட்டை.

"உங்க சட்டை எந்த ஹேங்கர்ல தொங்குது மாப்ள?"

"உங்க பொண்ணு நைட்டிக்கு அடியில அத்தை," என்றான். சொன்ன பிறகுதான் அது வேடிக்கை இல்லை என்று அவனுக்கு உறைத்தது. "புருஷனா?"

"புருஷன். வீட்டை விட்டு ஓடிவந்தவள மோப்பம் புடிக்க வந்திருக்கான். மோப்பம் புடிக்கற நாய் நாமதான்." அத்தையின் முகம் கறுத்துவிட்டது. இத்தனை வருஷத்தில் அவரை யாரும் இப்படி ஏமாற்றியதில்லை. அதைவிட, ஒரு பெண்ணின் கதவு வரை அந்த ஆளைத் தானே அழைத்து வந்துவிட்டோமே என்பதுதான் அவரைச் சுட்டது. "புத்தி கெட்டவ நான். படுத்த படுக்கையா அம்மான்னதும் உருகிட்டேன்."

மாப்பிள்ளை பெரிய படத்தின் எதிரே போய் நின்றான். வரிசையில் எல்லாப் பெண்களும் மடித்த துணியைக் கையில் வைத்திருந்தார்கள். ஓரத்தில் இருந்தவள் கை மட்டும் வெறுங்கை. தொப்பி கோணியிருந்தது, ஓடிவந்து நின்றவள் போல. தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, படம் நேராக வருமா என்று அங்கிருந்தே அளந்துகொண்டிருந்தாள்.

அவன் மெல்லத் திரும்பினான். ஏணி மேல் இருந்தவள் ரசமட்டத்தைப் பிடித்தபடி, தலையை அதே பக்கம் சாய்த்து இவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அத்தை…"

"பாத்துட்டேன். விரலை நீட்டித் தொலைக்காதீங்க."

அத்தை ஏணியடியில் போய் நின்றார். "அம்மாடி, நான் சொல்றத அவசரப்படாமக் கேளு. உன் வீட்டுக்காரன் எங்கள அனுப்பினான். தங்கச்சின்னு பொய் சொன்னான். நான் நம்பித் தொலைச்சேன். உன்னக் காட்டிக் குடுக்க மாட்டேன். ஆனா இந்தப் படம் பேப்பர்ல வந்ததப் பாத்துட்டுத்தான் வந்திருக்கான்."

ரசமட்டம் கீழே விழுந்தது. ஏணியின் கம்பியை அவள் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். டீச்சர் துணியோடு ஓடிவந்தார். "நான் அப்பவே சொன்னேன், அந்தக் கீத்தை அழிச்சுடலாம்னு. கேட்டியா?"

"அழிக்க மனசு வரல டீச்சர்." முகக்கவசத்துக்குள்ளிருந்து குரல் வந்தது. "அவரு என் படத்த ஒரு நாளும் பாத்ததே இல்லன்னு நினைச்சேன். ஒண்ணு விடாமப் பாத்திருக்காரு."

"அத்தை," என்றான் மாப்பிள்ளை ஜன்னலிலிருந்து. "இஸ்திரி."

எதிர்ச்சாரியில் ஒரு காரின் கதவு திறந்தது. வெள்ளைச் சட்டை இறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து, நிதானமாகச் சாலையைக் கடந்தது. ஓட்டலில் காத்திருக்கிறேன் என்று சொன்னவர் பின்னாலேயே வந்திருக்கிறார்.

"அவள உள்ளே கூட்டிட்டுப் போங்க," என்று டீச்சரிடம் சொன்ன அத்தை, "மாப்ள, உங்க வாய்க்கு இன்னிக்குத்தான் வேலை," என்றார்.

மாப்பிள்ளை வாசலை அடைத்துக்கொண்டு நின்றான். "வாங்க சார் வாங்க! லாரி பிடிக்குமா உங்களுக்கு? உள்ள ஒரு லாரி இருக்கு, முன்னாடி, பின்னாடி, அடியில, எல்லாம் பாக்கலாம்—"

"தள்ளுங்க." இஸ்திரி சிரித்துக்கொண்டேதான் சொன்னார். "மேடம், கிடைச்சாளா?"

"கிடைக்கல," என்றார் அத்தை. "கீத்து விழற கேமரா ஊர் பூரா இருக்குதாம். உங்க பணத்தத் திருப்பி வாங்கிக்குங்க. ஆமா, அம்மாவுக்கு இப்ப எப்படி இருக்கு? எந்த ஆஸ்பத்திரி?"

ஒரு நொடி அந்தச் சிரிப்பு கசங்கியது. அப்புறம் அவர் பார்வை மேஜைக்குப் போனது. பரப்பிய படங்கள். மேலே, வெட்டிய ஓரம் தெரிய, அவருடைய படம். அங்கிருந்து ஏணி. ஏணியடியில் ரசமட்டம்.

"எங்க அவ?" குரலில் இப்போது மடிப்பு எதுவும் இல்லை. அத்தையைத் தள்ளிக்கொண்டு உள்ளறைப் பக்கம் இரண்டு எட்டு வைத்தார். மாப்பிள்ளை சட்டையைப் பிடித்தான். அவர் உதறிய வேகத்தில் பாட்டிலோடு சுவரில் போய் மோதினான்.

உள்ளறைக் கதவு தானாகத் திறந்தது.

அவள் வெளியே வந்தாள். முகக்கவசம் இல்லை. நெற்றியோரத்தில் பழைய தழும்பு ஒன்று இருந்தது. மார்புக்கு முன்னால் அந்தக் கேமராவை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். அவரை நேருக்கு நேர் பார்த்து நின்றாள்.

"கிளம்பு," என்றார் அவர். "மரியாதையா வந்து கார்ல ஏறு."

"நீங்க என்னத் தேடி வரக்கூடாதுன்னு நான் கேஸ் போட்டப்ப, கோர்ட்டுல என்ன சொன்னீங்க?" என்றாள். "'நான் அவளத் தேடவே இல்ல, அவ எங்க இருக்கான்னுகூடத் தெரியாது, அவ பொய் சொல்றா'ன்னு சொன்னீங்க. என் வக்கீல் சாட்சி கேட்டாங்க. என்கிட்ட இல்ல."

அதே நேரம் வாசலில் ஒரு வேன் வந்து நின்றது. கதவு தடதடவென்று திறந்தது. திறப்பு விழாவுக்குச் சீக்கிரமே வந்துவிட்ட சலவைக்கூடப் பெண்கள், வாசலில் செருப்பைக்கூட விடாமல் பேசிக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள். உள்ளே நடப்பதைப் பார்த்ததும் பேச்சு நின்றது. சுவரில் இருந்த படம் அப்படியே இறங்கி வந்த மாதிரி அவள் இரண்டு பக்கமும் வரிசையாக நின்றுகொண்டார்கள்.

இஸ்திரி அந்த வரிசையைப் பார்த்தார். வாசலைப் பார்த்தார். அவளை நோக்கி விரலை நீட்டி ஏதோ சொல்ல வாயைத் திறந்தார்.

அவள் கேமராவைக் கண்ணுக்கு உயர்த்தினாள். கட்டைவிரல் பின்மூடியின் ஓரத்தில் போய்த் தன் இடத்தில் அமர்ந்தது.

"விரல் வெச்சிருக்கேன்," என்றாள். "இதுல கீத்து விழாது. உங்க மூஞ்சி நல்லாத் தெரியும்."

கிளிக்.

"சாட்சிக்கு நாங்க ரெண்டு பேரும் இருக்கோம்," என்றார் அத்தை. "அனுப்பினது இவர்தான்னு எங்க வேணா வந்து சொல்றேன்."

டீச்சர் போலீசுக்குப் போன் பண்ணிக்கொண்டிருந்தார். அந்தக் குரலைக் கேட்டதும் இஸ்திரி வாசலுக்கு விரைந்தார். மேஜையிலிருந்து தரைக்கு வடிந்து இன்னும் துடைக்காமல் கிடந்த தண்ணீரில் கால் வழுக்கி, லாரிப் படங்களுக்குக் கீழே முழங்காலில் விழுந்தார். வெள்ளைச் சட்டையில் ஐஸ் பேக்டரியின் அத்தனை தூசியும் ஒட்டியது. எழுந்து ஓடினார். வேன் டிரைவர் அதற்குள் வண்டியை அவருடைய காருக்குக் குறுக்கே நிறுத்தியிருந்தார்.

போலீஸ் வந்து அவரை ஏற்றிக்கொண்டு போன பிறகுதான் அவள் தரையில் உட்கார்ந்து அழுதாள். பெண்கள் சுற்றி உட்கார்ந்தார்கள். அத்தை அவள் பக்கத்தில் போய், "என்ன மன்னிச்சுரும்மா," என்றார். மாமியார் யாரிடமும் மன்னிப்புக் கேட்டு மாப்பிள்ளை பார்த்ததில்லை. அவன் முகத்தைத் திருப்பிக்கொண்டு பாட்டிலில் மிச்சம் இருந்த தண்ணீரை அவளுக்கு நீட்டினான். கவனமாக, ஓட்டையில் விரலை வைத்து.

அவள் அதைப் பார்த்தாள். அழுகைக்கு நடுவே சிரித்துவிட்டாள்.

கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்து, கேமராவை ஏணிப் படியில் வைத்தாள். எல்லோரையும் நடுச்சுவருக்கு முன்னால் நிற்கச் சொன்னாள். டீச்சரையும், அத்தையையும், மாப்பிள்ளையையும்கூட. இந்த முறை யாருக்கும் தொப்பி இல்லை, முகக்கவசமும் இல்லை.

"டைமர் போடறீங்களா?" என்றான் மாப்பிள்ளை. "கீத்து விழுமே."

"விழட்டும்," என்று சொல்லிவிட்டு அவள் வரிசைக்கு ஓடிவந்தாள்.